கடற்கரையில் மறைந்த கபாலீச்சரம்

மயிலாப்பூரில் இன்று வழிபாட்டில் உள்ள கபாலீசுவரர் கோயில், திருஞானசம்பந்தர் பாடிய கபாலீச்சரம் இருந்த இடத்தில் இல்லை என்பதும், பழைய கோயில் கடலையொட்டி, இப்போது சாந்தோம் என வழங்கும் பகுதியில் நின்றது என்பதும் வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் கருத்துகள். அக்கோயில் எப்போது, எதனால் மறைந்தது என்பதில்தான் அவர்களிடையே உடன்பாடில்லை. போர்த்துகீசியர் இடித்தனர் என்பார் ஒரு சாரார். கடல் கொண்டது என்பார் மற்றொரு சாரார். காணாமற்போன ஒன்றைத் தேடுவோர் மனம் காரணத்தை முதலில் தேர்ந்துகொண்டு அதற்கேற்பச் சான்றுகளை அடுக்கத் தலைப்படுவது இயல்பாதலால், இவ்வழக்கில் ஒவ்வொரு சான்றும் எதுவரை பேசுகிறது, எங்கே பேச்சை நிறுத்திக்கொள்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

காலத்தால் முந்திய சாட்சி ஏழாம் நூற்றாண்டுத் தேவாரம். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இட்ட குடத்தின் முன் நின்று சம்பந்தர் பாடியதாகப் பெரியபுராணம் கூறும் பதிகம், பாட்டுக்கொரு விழாவாக ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் முதலியவற்றைச் சொல்லி, இவற்றைக் காணாமலே போய்விடுவாயோ என்று இறந்த பெண்ணைக் கேட்கிறது. அவ்விழாக்களுள் ஒன்று மாசி மாதக் கடலாட்டு, அதாவது கடலில் நீராடும் விழா. கோயிலுக்கும் கடலுக்கும் இருந்த நெருக்கத்தை இவ்விழாப் பட்டியல் தற்செயலாகவே காட்டிவிடுவதால், வாதத்துக்காகச் சொல்லப்பட்ட எந்தக் கூற்றைவிடவும் இது நம்பத்தக்கது. பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரும் மயிலையைக் கடற்கரை ஊராகவே பாடுகிறார். எனினும் அவர் சுட்டுவது ஊரையேயன்றிக் கோயில் நின்ற இடத்தை அன்று.

போர்த்துகீசியர் 1520-களில் இக்கரையில் குடியேறி, புனித தோமையாரின் கல்லறை எனக் கருதப்பட்ட இடத்தைத் தோண்டி, அதைச் சுற்றிச் சான் தோமே என்னும் நகரை வளர்த்தனர். 1559-ஆம் ஆண்டையொட்டி, விஜயநகரப் பேரரசின் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்த அலிய ராமராயர் படையுடன் இந்நகருக்கு வந்து தண்டத்தொகை பெற்றுத் திரும்பினார். கடற்கரைக் கோயில்களைப் பாதிரிமார் அழித்ததாக எழுந்த முறையீடே அப்படையெடுப்புக்குக் காரணம் என்று ஆரவீடு மரபைப் பற்றி 1927-இல் நூல் வெளியிட்ட ஹென்றி ஹெராஸ் எழுதுகிறார். ஹெராஸ் ஒரு இயேசு சபைத் துறவி என்பது கவனிக்கத்தக்கது: தம் சமயப் பாதிரிமார் மீதே பழி விழக்கூடிய செய்தியை அவர் மறைக்கவில்லை. கபாலீச்சரம்தான் இடிபட்டது என்று இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆனால் அந்த ஆண்டுகளில் இக்கரையில் கோயில்கள் மனிதக் கைகளால் அழிந்தன என்பதற்கு இது வலுவான சான்று.

எஞ்சியவை கற்கள். 1893-க்கும் 1896-க்கும் இடையில் புதிதாக எழுப்பப்பட்ட சாந்தோம் பேராலயத்தின் வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த துண்டுக் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் எச். ஹோஸ்டன் என்ற இன்னொரு இயேசு சபைத் துறவி தொகுத்தார்; அத்தொகுப்பு 1936-இல் நூலாக வெளிவந்தது. அவற்றுள் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, கூத்தாடுந்தேவர் திருமுன் இரவில் விளக்கெரிக்க வரி நீக்கி அளித்த கொடையைப் பேசுகிறது. கூத்தாடுந்தேவர் என்பது நடராசர். எண்ணெய்க்கும் திரிக்கும் யாரோ ஒருவர் என்றென்றைக்கும் செய்துவைத்த ஏற்பாடு, உடைந்த கல்லில் சில வரிகளாக நிற்கிறது. ஆனால் அதே பகுதியில் கிடைத்த மற்றொரு துண்டு நேமிநாத சுவாமிக்கு அளித்த கொடையைக் கூறுகிறது. நேமிநாதர் சமணரின் இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர். குணவீர பண்டிதரின் நேமிநாதம் என்னும் இலக்கண நூல் அவர் பெயரால் அமைந்தது. நன்னூலுக்கு உரை கண்ட மயிலைநாதரின் பெயரும் மயிலையின் அந்த இறைவனையே குறிப்பது. கடல் ஊருக்குள் புகும் என்று அஞ்சி அத்திருவுருவை மேல்சித்தாமூருக்குக் கொண்டுசென்றனர் என்பது சமண மரபுச் செய்தி.

ஆகவே மறைந்தது ஒரு கோயில் அன்று. கடலைக் காரணம் காட்டும் மரபு சமணக் கோயிலுக்கு உரியது. அதைக் கபாலீச்சரத்தின் மீது ஏற்றிச் சொல்வதற்குத் தனி ஆதாரம் வேண்டும். கபாலீச்சரத்தைக் கடல் முழுவதுமாக விழுங்கியிருந்தால் அதன் கற்கள் கரையில் கிறித்தவ வளாகத்தில் கிடைத்திருக்க மாட்டா. அதே வேளையில், பாழடைந்த கட்டடத்தின் கல்லைப் புதிய கட்டடத்துக்கு எடுத்தாள்வது எல்லாச் சமயத்தாரிடமும் இருந்த வழக்கம் என்பதால், கல் கிடைத்த இடமே கோயில் நின்ற இடம் என்று சொல்வதும் அவசரமாகும். கடல் அரிப்பு அக்கோயிலை வலுவிழக்கச் செய்திருக்கக்கூடும். ஆனால் அதன் வீழ்ச்சியில் போர்த்துகீசியக் குடியேற்றத்துக்குப் பெரும் பங்குண்டு என்று கொள்வதே கிடைக்கும் சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

வழிபாடு அறுந்துபோகவில்லை. சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குள் எழுந்த இன்றைய கோயிலில் பூம்பாவைக்குத் தனிச் சன்னதி அமைந்தது. கீழைக் கோபுரம் 1906-இல் எழுப்பப்பட்டது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், சம்பந்தர் பாடப் பூம்பாவை உயிர்பெற்ற நிகழ்ச்சி குளக்கரையில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது. கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் மைப்படிகள், சாந்தோம், மயிலைத் துண்டுகள் அனைத்துக்கும் புதிதாக எடுக்கப்பட்டு, ஒவ்வொரு கல்லும் கிடைத்த இடத்தின் குறிப்போடு ஒரே தொகுதியாக வெளிவருமானால், எந்தக் கல் எந்தக் கோயிலுக்கு உரியது என்பதையேனும் பிரித்தறிய வழி பிறக்கும்.