நம்பத்தகுந்த எந்தச் சான்றும்: அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் மணவாழ்க்கைக் கொடுமையை மெய்ப்பித்தல்

அமெரிக்கக் குடிமகனையோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவரையோ மணந்து கொடுமைக்கு ஆளான அயல்நாட்டவர், துணைவரின் தயவை நாடாமல் தாமே குடிவரவு மனுச் செய்ய 1994ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் வழிசெய்தது. ஆண்களும் இவ்வழியில் மனுச் செய்யலாம். இம்மனுக்களில் நம்பத்தகுந்த எந்தச் சான்றையும் அதிகாரி கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. மெய்ப்பிக்கும் சுமையை இவ்விதி குறைத்துவிட்டது, பொய்க் குற்றச்சாட்டுக்கு வாயிலைத் திறந்துவிட்டது என்று ஒரு சாரார் நெடுநாளாக எழுதி வருகின்றனர். அவர்களின் வாசிப்பு விதியின் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது.

இரண்டாம் வாக்கியம் வேறு திசையில் செல்கிறது. எந்தச் சான்று நம்பத்தக்கது, அதற்கு எவ்வளவு எடை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது முழுமையாக அரசிடமே விடுகிறது. 1996இன் இடைக்கால ஒழுங்குவிதியிலும் இவ்விரு கூறுகளும் சேர்ந்தே இடம்பெற்றன. மனுதாரரை எளிதில் நம்பச் சொல்வதே நோக்கமாக இருந்திருந்தால், இத்தனை பரந்த மதிப்பீட்டு அதிகாரத்தை அருகிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை. எது அதிகாரியின் மேசைக்கு வரலாம் என்பதை முதல் வாக்கியமும், வந்ததில் எதை நம்புவது என்பதை இரண்டாம் வாக்கியமும் கூறுகின்றன. மணம் மெய்யான நோக்கில் நடந்தது, இருவரும் சேர்ந்து வாழ்ந்தனர், கொடுமை நிகழ்ந்தது, மனுதாரர் நன்னடத்தை உடையவர் ஆகிய அனைத்தையும் நிலைநாட்டும் பொறுப்பு மனுதாரர் மீதே இருக்கிறது.

விதி ஏன் பிறந்தது என்பதற்கான விடை 1991இல் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் திருமண மோசடித் திருத்தச் சட்டம், மணமாகி இரண்டாண்டு நிறையாதவர்க்கு நிபந்தனைக்குட்பட்ட வசிப்புரிமை மட்டுமே தந்தது. நிபந்தனை நீங்கத் தம்பதியர் இருவரும் கையொப்பமிட்டு மனுத்தர வேண்டும். அக்கையொப்பமே கொடுமைக்காரரின் கையில் ஆயுதமாயிற்று. 1990இல் கொடுமைக்கு ஆளானோருக்கு விலக்கு வந்தது. ஆனால் அடுத்த ஆண்டின் ஒழுங்குவிதி, மனக்கொடுமை என்றால் உளவியலாளர், மனநல மருத்துவர், உரிமம் பெற்ற சமூகப் பணியாளர் போன்ற வல்லுநரின் மதிப்பீடு கட்டாயம் என்றது. கையில் காசில்லாமல், ஆவணங்களைக் கணவரிடம் பறிகொடுத்து, வீட்டை விட்டு வெளியே போகவும் முடியாத பெண் அந்த மதிப்பீட்டை எங்கே சென்று பெறுவார்? 1994இன் சட்டம் சொந்த மனுவுக்கு வகுத்த அதே அளவுகோலை இந்த விலக்குக்கும் விரித்தது. அதன் இலக்கு, கட்டாய ஆவணம் என்னும் தடையே என்று கொள்வதற்கு இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை.

குடிவரவுத் துறையின் தலைமைச் சட்ட ஆலோசகர் 1998 அக்டோபரில் விடுத்த குறிப்பாணையும் இதற்கு அரணாகிறது. குறிப்பிட்ட ஓர் ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் மனுவை மறுக்கக் கூடாது. தந்த சான்று நம்பத்தகாததாகவோ போதாததாகவோ இருந்தால் மறுக்கலாம் என்பது அதன் சாரம். நான்காண்டு கழித்து நிர்வாகத் துறை எழுதியது நாடாளுமன்றத்தின் எண்ணத்துக்கு நேர்ச்சான்று ஆகாது என்பதை மறுக்கவில்லை. என்றாலும், விதியை அன்றாடம் கையாண்டவர்களின் புரிதலை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

குற்றஞ்சாட்டப்பட்டவரின் தரப்பு கேட்கப்படுவதில்லை என்பது வலுவான எதிர்வாதம். அவரிடமிருந்து மட்டுமே வந்த தகவலை வைத்து மனுதாரருக்குப் பாதகமாக முடிவெடுக்கக் கூடாது என்று 1996இன் குடிவரவுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அத்தகவலைச் சுயேச்சையான வேறு சான்று உறுதிசெய்தால் அதைப் பயன்படுத்துவதே துறையின் நடைமுறை. மனு ஏற்கப்படுவதால் துணைவர் குற்றவாளி என்று தீர்ப்பாவதில்லை. அவருடைய பொருளுதவி உறுதிப்பத்திரமும் இம்மனுவுக்குத் தேவையில்லை. மணமே போலி என்று தெரிந்தாலோ, பின்னாளில் எவர் மனுச் செய்தாலும் மனுதாரருக்கு ஒப்புதல் கிடைக்காது. ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. மனுக்கள் பெருகின, ஆகவே பொய்யும் பெருகியது என்ற வாதத்தில் நிற்க வேண்டியதில்லை. எண்ணிக்கை பொய்யை அளக்காது.

உண்மையான குறை இரண்டாம் வாக்கியத்தில்தான் இருக்கிறது. மனு பெரும்பாலும் நேர்காணலின்றித் தாளிலேயே தீர்கிறது. எழுதத் தெரிந்தவரின் துன்பம் எழுதத் தெரியாதவரின் துன்பத்தைவிட நம்பத்தக்கதாகிவிடுகிறது. கொடுமை பற்றிய இத்தகைய மதிப்பீட்டை நீதிமன்றம் திருத்தலாமா என்பதிலும் ஒருமை இருந்ததில்லை. நாடுகடத்தல் வழக்குகளில் கடுங்கொடுமை நிகழ்ந்ததா என்ற கேள்வியை நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாம் என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் கூறியது. பத்தாம் வட்டாரம் 2005இல் அதற்கு உடன்படவில்லை. கொடுமை ஒன்றே, நீதி ஊருக்கு ஊர் மாறியது.

தளர்வு என்ற குற்றச்சாட்டின் இரைச்சலில், இவ்விதிக்கு வெளியே நிற்பவர்கள் கண்ணில் படுவதேயில்லை. எச்-1பி விசாவில் இருக்கும் கணவரோடு எச்-4 விசாவில் சென்னையிலிருந்து போகும் மனைவி இம்மனுவைச் செய்யவே முடியாது. கணவர் குடிமகனும் அல்லர், நிரந்தர வசிப்புரிமை பெற்றவரும் அல்லர். பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்துக்கு 2006 ஜனவரியில் கையொப்பமான திருத்தம் அம்மனைவியைப் போன்றோருக்குத் தந்தது வேலை அனுமதி மட்டுமே. அதற்கு விண்ணப்பிக்கும் நடைமுறையும் 2017இல்தான் வந்தது.