நிழல் இல்லாமல் கிடந்த கோடு



மகள் வீட்டுக்கு ஐரோப்பா வந்த இடத்தில், போன வாரம் செக் நாட்டின் தலைநகர் பிராக் போய் வந்தோம். பழைய நகரச் சதுக்கத்தில் எல்லோரும் வானியல் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்க, நான் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல் தளத்தில் ஒரு பித்தளைப் பட்டை. முன்பு பிராக் நேரத்தைக் கணித்த கோடு இது என்று லத்தீனிலும் செக் மொழியிலும் பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தூண். மேலே கன்னி மரியாள். 1650இல் முதலில் எழுப்பியது. சூரியன் உச்சிக்கு வரும்போது தூணின் நிழல் நேர் வடக்கே, கோட்டின் மேல் விழும். ஊருக்கு அதுதான் நண்பகல்.

சற்றுத் தள்ளி, நகர மன்றக் கட்டடத்தின் ஓரம் 27 வெள்ளைச் சிலுவைகள். 1620இல் வெள்ளை மலைப் போரில் செக் மக்கள் ஹாப்ஸ்பர்க் அரசிடம் தோற்றார்கள். மறு ஆண்டு ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரைக் கொன்றது இங்கேதான்.

அந்த வடு ஆறவில்லை. 1918இல் விடுதலை கிடைத்த ஆறாம் நாள், நவம்பர் 3 அன்று, கூட்டம் கயிறு கட்டித் தூணை இழுத்துத் தள்ளியது. வெள்ளை மலை வெற்றியின் சின்னம் என்று நினைத்தார்கள். உண்மையில் அது 1648இல் சுவீடன் படையிடமிருந்து நகரம் தப்பியதற்கு நன்றியாக நட்டது. ஆனால் நட்டவர் ஹாப்ஸ்பர்க் பேரரசர்தான். அவர்கள் கோபத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அரசனை நினைத்து இழுத்தார்கள், கூடவே ஊரின் நிழல் கடிகாரமும் விழுந்தது. பின்னாளில் இந்தப் பட்டையைப் பதித்தபோதுகூடத் தூண் இல்லை. 2020இல்தான் அதே மாதிரியில் புதிதாக நிறுத்தினார்கள்.

சரி, நிழலைப் பார்த்துவிடுவோம் என்று 12 மணிக்குப் போய் நின்றேன். வரவில்லை. ஏறக்குறைய ஒரு மணிக்குத்தான் கோட்டைத் தொட்டது. கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கிறார்கள். அது போக, இவர்கள் கடிகாரம் 15 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. பிராக் இருப்பதோ 14 பாகை 25 கலையில். பாகைக்கு 4 நிமிடம்.

அங்கே நிற்கும்போதுதான் கும்பகோணத்து வகுப்பு நினைவுக்கு வந்தது. மைதானத்தில் கம்பு நட்டு நிழல் அளக்கச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பிப்ரவரி மாதம், நிழல் மிகக் குட்டையானது 12.27க்கு என்று ஒரு பையன் எழுதி வந்தான். 12 மணி என்று புத்தகத்தில் இருக்கிறது, ஒழுங்காக அளக்கவில்லை என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்தேன். நம் கடிகாரம் 82.5 பாகைக்கு. கும்பகோணம் 79.4. அதிலேயே பன்னிரண்டரை நிமிடம் போகிறது. பிப்ரவரியில் சூரியன் இன்னும் 14 நிமிடம் தாமதம். கூட்டிப் பார்த்தேன்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், உன் கணக்கு சரி. அந்த மதிப்பெண்ணை இப்போது போட்டுக்கொள்.