ஊர்தி உடைப்புத் தொழில்

ஊர்தி உடைப்புத் தொழில் என்பது பயன்பாட்டுக் காலம் முடிந்த மகிழுந்து, சரக்குந்து, பேருந்து, இரு சக்கர ஊர்தி முதலியவற்றைப் பாகம் பாகமாகப் பிரித்து, மீண்டும் பயன்படும் உறுப்புகளையும் உலோகங்களையும் மீட்டெடுக்கும் தொழிலாகும். பேச்சு வழக்கில் இத்தகைய இடங்கள் காயலான் கடை, பழைய இரும்புக் கடை என்று அழைக்கப்படுகின்றன. இந்தியாவில் 2021 முதல் இத்தொழிலுக்குத் தனிப் பதிவு முறை நடைமுறையில் உள்ளது. இத்தொழிலைத் தொடங்குவோருக்கு முதன்மையான தடையாக அமைவது பெரும்பாலும் எந்திரமன்று, நிலமே ஆகும். ஏறத்தாழ எல்லா உரிமங்களும் நிலத்தின் அமைவிடத்தையும் வகைப்பாட்டையும் சார்ந்தே வழங்கப்படுகின்றன. இக்கட்டுரை ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விதிமுறைகளை விளக்குகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் சென்னையின் புதுப்பேட்டை, கோயம்புத்தூரின் உக்கடம் ஆகிய இடங்கள் பழைய உதிரிப் பாகங்களுக்கும் பழைய இரும்புக்கும் பெயர் பெற்றவை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் சரக்குந்துத் தொழிலில் முன்னணியில் இருப்பதால், கொங்கு மண்டலத்தில் பழைய ஊர்திகளும் அவற்றின் பாகங்களுக்கான தேவையும் மிகுதி.

திருட்டு ஊர்திகள் உடைக்கப்பட்டுத் தடயமின்றி மறைவதைத் தடுப்பதே தொடக்ககாலச் சட்டங்களின் நோக்கமாக இருந்தது. தமிழ்நாட்டில் 1985-ஆம் ஆண்டில் பழைய உலோக வணிகர், பழைய பொருள் வணிகர், தானுந்துப் பணிமனை, டிங்கர் கடை ஆகியோரை முறைப்படுத்தி உரிமம் வழங்குவதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 55-ஆம் பிரிவின்படி, ஊர்தி அழிந்துவிட்டாலோ நிலையாகப் பயன்படாத நிலையை அடைந்தாலோ உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவை நீக்காமல் ஊர்தியை உடைக்கக் கொடுத்தால், அதன் பதிவெண்ணும் அடிச்சட்ட எண்ணும் வேறொரு ஊர்தியில் தவறாகப் பயன்படுத்தப்பட வாய்ப்புண்டு.

சுற்றுச்சூழல் பார்வை பின்னரே வலுப்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனி நெறியாணையைப் பிறப்பித்தது. சப்பானின் ஊர்தி மறுசுழற்சிச் சட்டம் 2005 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2018-இல் மகிந்திரா குழுமமும் அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யும் இணைந்து பெரு நொய்டாவில் ஓர் ஊர்தி மறுசுழற்சி மையத்தைத் தொடங்கின. 2021 செப்டம்பரில் பதிவு பெற்ற ஊர்தி உடைப்பகங்களுக்கான நடுவண் அரசு விதிகள் அறிவிக்கப்பட்டன.

இடத் தேர்வு

அந்தியூர், ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் வடமேற்கே, பர்கூர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. வரட்டுப்பள்ளம் அணை, ஏரிகள், கிணற்றுப் பாசன நிலங்கள் ஆகியவை கொண்ட வேளாண் பகுதி இது. எனவே இங்கு உடைப்பகத்திற்கான நிலத்தைத் தேர்வு செய்யும்போது பின்வரும் மூன்று கூறுகள் முதன்மையாகக் கருத்தில் கொள்ளப்பட வேண்டியவை.

1. நில வகைப்பாடு: பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கொண்டு நிலம் நஞ்சையா புஞ்சையா என்பதும், உரிமை தெளிவானதா என்பதும் அறியப்படுகின்றன. முழுமைத் திட்டத்திற்கு உட்பட்ட பகுதியாயின் அத்திட்டத்தில் குறிக்கப்பட்ட பயன்பாடு பொருந்தும். திட்டமில்லாப் பகுதியாயின், வேளாண் நிலத்தைப் பிற பயன்பாட்டிற்கு மாற்றுவதற்கான தமிழ்நாடு அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். நஞ்சை நிலத்திற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவைப்படுவதால் காலம் கூடும்.

2. நீர்நிலைகளிலிருந்து தொலைவு: அதிக மாசு விளைவிக்கும் எனப் பட்டியலிடப்பட்ட தொழில்கள் நீர்நிலைகளுக்கு அருகே அமைவதைத் தமிழ்நாடு அரசின் 1989, 1998-ஆம் ஆண்டு ஆணைகள் கட்டுப்படுத்துகின்றன. முதல் ஆணை 1 கி.மீ. தொலைவையும், இரண்டாவது ஆணை காவிரி உள்ளிட்ட ஆறுகளுக்கும் அவற்றின் துணையாறுகளுக்கும் 5 கி.மீ. தொலைவையும் குறிக்கின்றன. பவானி ஆறு காவிரியின் துணையாறாகும். ஆகவே, தொழில் எந்த வகைப்பாட்டில் சேர்க்கப்படும் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உறுதி செய்த பின்னரே நிலத்திற்கு முன்பணம் கொடுப்பது பாதுகாப்பானது.

3. காடும் மலையும்: அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் ஏறத்தாழ 80,500 எக்டேர் பரப்பில் தந்தை பெரியார் காட்டுயிர் உய்விடம் 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையை ஒட்டிய நிலங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் வரக்கூடும்.

வாடகை அல்லது குத்தகை நிலமாயின், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் பதிவுச் சட்டம், 1908-இன்படி பதிவு செய்யப்பட வேண்டும். உடைப்பகப் பதிவு 10 ஆண்டுகளுக்கு வழங்கப்படுவதால், குறுகிய காலக் குத்தகையில் பெரும் முதலீடு செய்வது இடர் மிக்கது. இழுவை ஊர்திகள் வந்து திரும்பும் அளவிற்குப் பாதை அகலமும் மும்முனை மின்சார இணைப்பும் இன்றியமையாதவை.

தேவையான உரிமங்கள்

உரிமங்களைப் பெறும் வரிசை முக்கியமானது. ஒன்றின் சான்று மற்றொன்றின் விண்ணப்பத்தில் கேட்கப்படுகிறது.

* தொழில் அமைப்பு: தனிநபர், கூட்டு நிறுவனம், கம்பெனி, சங்கம், அறக்கட்டளை ஆகிய எவ்வடிவிலும் விண்ணப்பிக்கலாம். நிரந்தரக் கணக்கெண்ணும் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் தேவை.
* திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும்: நகர் ஊரமைப்புத் துறையும் உள்ளாட்சி அமைப்பும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி வழங்குகின்றன.
* உள்ளாட்சி உரிமம்: ஊராட்சிப் பகுதியில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-உம், பேரூராட்சி, நகராட்சிப் பகுதிகளில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் பொருந்தும்.
* மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை: நீர்ச் சட்டம், 1974, காற்றுச் சட்டம், 1981 ஆகியவற்றின்கீழ் கட்டுமானத்திற்கு முன் நிறுவுவதற்கான இசைவாணையும், பணி தொடங்குவதற்கு முன் இயக்குவதற்கான இசைவாணையும் பெற வேண்டும். கழிவு எண்ணெய் முதலியவற்றுக்கு 2016-ஆம் ஆண்டு தீங்குதரு கழிவு விதிகளின்கீழ் தனி அங்கீகாரம் தேவை.
* தீயணைப்புத் துறையின் உரிமம்.
* தொழிலாளர் சட்டப் பதிவு: தொழிற்சாலைகள் சட்டம், 1948, மின்விசையுடன் 10 பேர் பணிபுரிந்த இடங்களைத் தொழிற்சாலையாகக் கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பில் இவ்வெண்ணிக்கை 20 ஆக உயர்த்தப்பட்டது.
* உடைப்பகப் பதிவு: 2021 விதிகளின்கீழ் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் பெறப்படுவது. விண்ணப்பக் கட்டணம் ஒரு இலட்சம் ரூபாய். இதனுடன் 10 இலட்சம் ரூபாய்க்கான வங்கி உத்தரவாதமும் அளிக்க வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

தமிழ்நாடு தொழில் எளிதாக்குதல் சட்டம், 2018-இன்கீழ் அமைந்த ஒற்றைச் சாளர முறையின் வழியாக இவற்றுள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். சிறு தொழில்களுக்கு மாவட்டத் தொழில் மையம் வழிகாட்டுகிறது.

செயல்முறை

ஊர்தியைப் பெறும்போது அதன் விவரம் 'வாகன்' தரவுத்தளத்துடனும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டு ஊர்திப் பட்டியலுடனும் ஒப்பிடப்படுகிறது. கடன் நிலுவை உள்ள ஊர்தியை ஏற்கலாகாது. ஏற்ற பின் உரிமையாளருக்கு ஒப்படைப்புச் சான்று வழங்கப்படுகிறது. இச்சான்றைக் காட்டிப் புதிய ஊர்தி வாங்குவோருக்குப் பதிவுக் கட்டண விலக்கு உண்டு. சாலை வரியில் சொந்தப் பயன்பாட்டு ஊர்திக்கு 25 விழுக்காடு வரையும், போக்குவரத்து ஊர்திக்கு 15 விழுக்காடு வரையும் சலுகை அளிக்க நடுவண் அரசு விதி இடமளிக்கிறது.

அடுத்து மாசு நீக்கம் நடைபெறுகிறது. எரிபொருள், எஞ்சின் எண்ணெய், தடுப்பு எண்ணெய், குளிர்விப்பு நீர்மம் ஆகியவை வடிக்கப்படுகின்றன. மின்கலம், எரிவாயு உருளை, காற்றுப்பை, குளிர்பதன வளிமம் ஆகியவை அகற்றப்படுகின்றன. நீர் ஊடுருவாத தளமும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் இதற்குத் தேவை. இறுதியாக அடிச்சட்டம் வெட்டப்பட்டு உடைப்புச் சான்று வழங்கப்படுகிறது. அடிச்சட்ட எண் பொறிக்கப்பட்ட துண்டை ஆறு மாதங்களும், ஆவணங்களை இரண்டு ஆண்டுகளும் பாதுகாக்க வேண்டும்.

2025 விதிகள்

2025 சனவரியில் அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு (காலாவதி ஊர்திகள்) விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பை ஊர்தி உற்பத்தியாளர் மீதும் சுமத்துகின்றன. உற்பத்தியாளர்கள் மீட்கப்பட்ட எஃகின் அளவுக்கேற்ற சான்றுகளைப் பதிவு பெற்ற உடைப்பகங்களிடமிருந்து வாங்க வேண்டும். இதனால் உடைப்பகங்களுக்கு இரும்பு விலைக்கு அப்பாற்பட்ட வருவாய் கிடைக்கிறது. வேளாண் உழுவை, உழவுப் பொறி, கதிர் அறுவடை எந்திரம் ஆகியவை இவ்விதிகளுக்கு உட்படா. அந்தியூர் போன்ற வேளாண் வட்டாரங்களில் தொழிலின் அளவைக் கணிக்கும்போது இவ்விலக்கைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சிக்கல்கள்

பரம்பரையாக இத்தொழிலில் உள்ள சிறு உடைப்பாளர்களுக்குப் பரந்த நிலமும் வங்கி உத்தரவாதமும் எட்டாதவையாக உள்ளன. எந்தப் பாகம் எந்த ஊர்திக்குப் பொருந்தும் என்னும் அவர்களது பட்டறிவு மதிப்பு மிக்கது. பலர் இணைந்து கூட்டு நிறுவனமாகப் பதிவு பெறுவதற்கு விதிகளில் இடமுண்டு.

மறுபுறம், திறந்த மண் தரையில் ஊர்திகளை உடைக்கும்போது எண்ணெயும் மின்கல அமிலமும் ஈயமும் நிலத்தில் இறங்குகின்றன. கிணற்று நீரை நம்பியுள்ள கொங்குப் பகுதியில் இதன் பாதிப்பு அண்டை வயலையும் குடிநீரையும் சென்றடையும். நொய்யல் ஆற்று மாசு தொடர்பாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது இம்மண்டலத்தின் அண்மைக்கால வரலாறாகும். முன்கூட்டியே தகுந்த இடத்தைத் தேர்வதும் இசைவாணை பெறுவதும் தொழில்முனைவோரின் முதலீட்டுக்கும் அண்டை உழவரின் கிணற்றுக்கும் ஒருசேரக் காப்பாக அமைகின்றன.

இவற்றையும் பார்க்க

* அந்தியூர்
* தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்
* மறுசுழற்சி
* நொய்யல் ஆறு