கல்லில் எழுதியதும் கடைச் சீட்டில் எழுதியதும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

போன வருடம் உங்கள் டீச்சரம்மாவுக்கு (அதாவது என் வீட்டுக்காரம்மாவுக்கு) தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நலமாக இருக்கிறார். மருந்துக்கடைச் சீட்டுகளை எல்லாம் ஒன்று விடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிரிட்ஜ் மேல் பத்திரமாக வைத்திருந்தேன். ஐந்து மாதம் கழித்து அசல் சீட்டுகளைக் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் பாதிச் சீட்டுகள் வெறும் வெள்ளைத் தாள். மிச்சமாவது பிழைக்கட்டும் என்று லேமினேஷன் செய்யக் கொடுத்தேன். எந்திரத்துக்குள் போன முதல் சீட்டு, சிலேட்டுப் பலகை மாதிரி கன்னங்கரேலென்று வெளியே வந்தது. கடைத் தம்பி பதறிப்போய் நிறுத்திவிட்டார். மொத்தத்தில் 18,400 ரூபாய்க்குக் கணக்கு காட்ட முடியவில்லை.

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வரலாறு சொல்லிக் கொடுத்தீங்க, நாலு சீட்டைக் காப்பாத்தத் தெரியலையே" என்றார் வீட்டுக்காரம்மா. நியாயமான கேள்விதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் டெல்டா மண், கணக்கு எழுதி வைத்த மண். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் முதலாம் இராஜராஜன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளைப் பாருங்கள். மன்னரும் அவருடைய அக்காள் குந்தவையும் தேவியரும் கொடுத்த ஒவ்வொரு நகைக்கும் எடை உண்டு. பொன்னை எடை போட்ட கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். நகைக்குள் இருக்கும் நூல், அரக்கு பற்றிய குறிப்பும் இருக்கும். இன்றைய நகைக்கடைச் சீட்டு கூட அவ்வளவு விவரமாக இருக்காது. ஆயிரம் வருடம் ஆகியும் படிக்க முடிகிறது.

அடுத்து செப்பேடு. நாகப்பட்டினத்து சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராஜராஜன் கொடுத்தார். அந்தக் கொடைக்கு நிலையான சாசனம் செய்து வைத்தவர் அவர் மகன் இராஜேந்திரன். 21 ஏடுகள், சுமார் 30 கிலோ எடை. பிற்காலத்தில் கடல் கடந்து நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் வரை போனதால் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் வந்தது. அப்பா கொடுத்ததைப் பிள்ளை அழியாத பொருளில் எழுதி வைத்தார் என்பதை மனதில் வையுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

கல்லும் செம்பும் அரசருக்கு. சாதாரண சனங்களுக்கு ஓலைதான். எழுத்தாணியால் கீறி, அந்தக் கீறலில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார்கள். கரி வெளுக்காது. ஆனால் ஓலையைப் பூச்சி அரிக்கும், நம் ஊர் ஈரம் கெடுக்கும். அதனால் பழைய ஏடு நைந்து போகும் முன் புது ஏட்டில் படி எடுத்தார்கள். தஞ்சை சரஸ்வதி மகாலில் இன்று நாம் பார்க்கும் சுவடிகள் பலவும் அப்படிப் படி எடுத்துக் காப்பாற்றியவைதான்.

அப்புறம் காகிதம் வந்தது. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தா கட்டிய கிஸ்தி ரசீது ஒன்று இருக்கிறது. பசலி 1361 என்று போட்டிருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம் வரும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள். 1951-52. தாள் பழுப்பாகிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது.

ரசீது என்பது நம் பக்கத்தில் வெறும் தாள் அல்ல. 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக உழுதவர், தான்தான் சாகுபடிதாரர் என்று காட்ட வேண்டிய நேரத்தில், குத்தகை அளந்த ரசீது கையில் இருந்தால் தைரியமாக நின்றார். வாய்ப்பேச்சை நம்பியவர் திண்டாடினார். ஒரு துண்டுச் சீட்டுக்கு அவ்வளவு பலம்.

இப்போது வெப்பத்தாளுக்கு வருவோம். ஏ.டி.எம். சீட்டு, பஸ்ஸில் கண்டக்டர் கை எந்திரத்தில் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட், 2018 முதல் உரக்கடையில் கைரேகை வைத்ததும் வரும் ரசீது, மருந்துக்கடைச் சீட்டு என்று பெரும்பாலும் இந்தத் தாள்தான். இது புதிதும் அல்ல. 1970-களிலேயே வெளிநாட்டில் கணினி அச்சுக்கு வந்துவிட்டது. எஸ்.டி.டி. பூத்துகளில் ஃபேக்ஸ் வந்த காலத்தில் சுருண்டு சுருண்டு விழுமே, அதுவும் இதே தாள்தான். விவரம் தெரிந்தவர்கள் அதை அன்றே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் மையே கிடையாது. தாளின் மேல் பூச்சில் நிறமில்லாத ஒரு சாயமும், அமிலத்தன்மையுள்ள இன்னொரு பொருளும் இருக்கும். எந்திரத்தின் சூடு படும் இடத்தில் இரண்டும் உருகிச் சேர, கறுப்பு எழுத்து தெரியும். லேமினேஷன் சூட்டில் தாள் முழுவதும் அப்படிச் சேர்ந்துவிட்டது. அதுதான் என் சிலேட்டுப் பலகை. எண்ணெய், வியர்வை, சிலவகை பிளாஸ்டிக்கில் இருந்து கசியும் பொருள் ஆகியவை பட்டால் அந்தச் சேர்க்கை பிரிந்து எழுத்து மறையும். வெயிலும் வெளிச்சமும் மறைய வைக்கும். என் பிளாஸ்டிக் உறையும் பிரிட்ஜ் மேல் சூடும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன.

ஆகவே நான் காசு கொடுத்துக் கற்ற பாடம்:

சந்தேகமான சீட்டின் ஓரத்தை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள்.

அழுக்குப் பட்டால் உலர்ந்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. சானிடைசர் பட்டாலும் தாள் கறுத்துவிடும்.

செல்லோ டேப், பசை, லேமினேஷன், பிளாஸ்டிக் உறை எதுவும் வேண்டாம். சாதாரணக் காகித உறையில் போட்டு, பீரோவின் இருட்டில் வையுங்கள். சட்டைப் பை, வண்டிப் பெட்டி, டி.வி. மேல் ஆகாது.

வெளுத்துப்போன சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்கேன் செய்து, கணினியில் எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் எண்கள் தெரியும். எனக்கு அப்படி மூன்று சீட்டு திரும்பக் கிடைத்தது.

குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். பூச்சில் பிஸ்பினால் என்ற வேதிப்பொருள் இருக்கக்கூடும். அதில் ஒரு வகையை வெப்பத்தாளில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டு வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். செல்போனிலும் படம் எடுங்கள். கறுப்பு ஜெராக்ஸ் பொடிக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் கரிதான். ஓலையில் நம் முன்னோர் தேய்த்தார்களே, அதே கரி. இராஜேந்திரன் செய்ததும், சுவடி எழுதியவர்கள் செய்ததும் இதுதான். அழியக்கூடியது நன்றாக இருக்கும்போதே, அழியாததிலோ புதியதிலோ படி எடுத்தார்கள். நான் அதைப் பாடமாக நடத்தினேன், வீட்டில் செய்யவில்லை.

வீட்டுப்பாடம்: இன்று இரவே உங்கள் பையில், பீரோவில் இருக்கும் மருத்துவச் சீட்டு, நகைச் சீட்டு, மோட்டார் வாங்கிய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை வெளுத்திருக்கின்றன என்று கீழே எழுதுங்கள். வழக்கம்போல் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் பெஞ்சு மேல் ஏற வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
மன்னார்குடி