பவளப்பாம்புக் கடி: விளைவுகளும் சிகிச்சையும்

பவளப்பாம்புகள் நாகமும் கட்டுவிரியனும் அடங்கிய எலாப்பிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் மைக்ரூரஸ் பேரினத்தில், புளோரிடாவிலும் அண்டை மாநிலங்களிலும் உள்ள கீழைப் பவளப்பாம்பின் கடி மருத்துவ நூல்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அங்குள்ள கிலுகிலுப்பை விரியன் கடித்தால் கை வீங்கும், தோல் கறுக்கும், வலி பொறுக்க முடியாது. மருத்துவமனைக்குப் போ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பவளப்பாம்புக் கடியோ பெரும்பாலும் சிறு வலியோடு சரி. நச்சுப்பற்கள் குட்டையானவை என்பதால் தடம்கூடத் தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆகவே காயத்தைப் பார்த்து இந்தக் கடியின் கடுமையை மதிப்பிடுவது தவறு. நரம்புமுனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் தசையில் சென்று சேர வேண்டிய ஏற்பிகளை இதன் நச்சுப் புரதங்கள் அடைத்துக்கொள்கின்றன. இமை சரிகிறது, பார்வை இரட்டையாகிறது, நாக்குக் குழறுகிறது, எச்சிலை விழுங்க முடிவதில்லை. கடைசியில் மூச்சுத் தசைகளும் தளர்கின்றன. முதல் அறிகுறி தோன்றவே 12 மணி நேரம் ஆகலாம் என்பதால், நலமாகத் தெரிபவரையும் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கிறார்கள்.

கடிபட்ட பலருக்கு நஞ்சே இறங்குவதில்லையே, இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யாருக்கு இறங்கியது என்பதை முதல் மணி நேரத்திலேயே காட்டும் சோதனை மருத்துவமனை வழக்கத்தில் இல்லை. பாம்பு கவ்வி மென்றால்தான் ஆபத்து என்ற பேச்சையும் நம்ப முடியாது. நொடிப்பொழுதுக் கடியிலும் நஞ்சேறியதுண்டு. 2006-இல் புளோரிடாவில் கடிபட்டும் சிகிச்சைக்குச் செல்லாத ஒருவர் இறந்தார். அமெரிக்காவில் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் பதிவான முதல் பவளப்பாம்புச் சாவு அது.

அப்படியானால் எல்லோருக்கும் உடனே நச்சுமுறி மருந்து கொடுத்துவிடலாமா? அமெரிக்காவில் 1967-இல் உரிமம் பெற்ற குதிரைச் சீர மருந்து வந்தபின் நெடுங்காலம் அதுவே வழக்கமாக இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு: இரத்தத்தில் திரியும் நஞ்சை மருந்து பிடித்துக்கொள்ளும், ஏற்பியில் ஒட்டிவிட்டதை எளிதில் பிரிக்காது. எனினும் குதிரைச் சீரம் கடும் ஒவ்வாமையைத் தரக்கூடும். மருந்தின் உற்பத்தியும் 2000-களின் தொடக்கத்தில் நின்றுபோய், இருப்பின் காலாவதித் தேதியை அரசு 2008 முதல் பலமுறை நீட்டிக்க வேண்டிவந்தது. பின்னர்தான் புதிய தொகுதிகள் வந்தன. வென்டிலேட்டரும் பயிற்சி பெற்றவர்களும் அருகில் இருக்கும் இடத்தில் முதல் அறிகுறி வரை காத்திருப்பது தவறில்லை. அந்த வசதி தொலைவில் இருந்தால் காத்திருப்பது சூதாட்டம். வென்டிலேட்டர் மட்டுமே போதும் என்பாரும் உண்டு. உயிரைக் காக்க அது போதலாம், ஆனால் தசை மீளும் வரை நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், குழாயோடு கிடக்க நேரும், நிமோனியாவும் தொற்றலாம். கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் பயன் தராது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்த மெல்லிய பவளப்பாம்பு உண்டு. இந்தியாவின் கூட்டு நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. பவளப்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை.