மூக்கும் மொழியும்

ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரிடம் கட்டிப்பால் எவ்வாறு நாறும் என்று வினவினால், கட்டிப்பாலைப் போலவே நாறும் என்பதே விடையாக வரும். நிறத்தைச் சிவப்பு, பச்சை எனப் பொருளினின்று பிரித்துப் பெயரிடும் மாந்தர், மணத்தைப் பெரும்பாலும் பொருளின் பெயராலேயே சுட்டுகின்றனர்.

மூளையின் முன்பகுதி வளர்ந்தமையால் மாந்தரின் முகர்வாற்றல் குன்றிற்று என்று 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் பால் புரோக்கா கருதினார். அறிவு மூக்கை வென்றது என்னும் இக்கொள்கை கற்றோர்க்கு உவப்பாகவும் இருந்தது போலும்! 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் முகர்வு ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டறிந்தனர்; அதற்கென 2004இல் நோபெல் பரிசு பெற்றனர். மாந்தர் மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன.

கருவி இத்துணைச் செம்மையாக இருந்தும் சொல் இல்லாதது ஏன்? நெதர்லாந்தின் நைமேகன் நகரிலும், பின்னர் இங்கிலாந்தின் யார்க், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களிலும் பணிபுரிந்த உளவியலாளர் ஆசிஃபா மஜீத், இவ்வினாவைத் தம் ஆய்வுக்கு மையமாகக் கொண்டார். விடைக்கு வழி மலேசியக் காடுகளில் கிட்டியது.

பேராக், கிளந்தான் எல்லைக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களிடம் மணத்திற்கெனவே பத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல். புலியை ஈர்க்கும் குருதி வாடைக்கு மற்றொரு சொல். நசுக்கிய பேனின் நாற்றமும் அதனுள் அடங்கும். மஜீத்தும் நிக்லாஸ் புரன்ஹல்ட்டும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஜஹாய் மக்கள் நிறத்தைப் போலவே மணத்தையும் எளிதாகப் பெயரிட்டனர். ஆங்கிலம் பேசுவோரோ, பழகிய இலவங்கப்பட்டையை முகர்ந்தும் சுற்றிவளைத்துத் தடுமாறினர்.

ஜஹாய் மக்களின் திறன் மொழியால் வந்ததா, வாழ்க்கையால் வந்ததா? 2018இல் நிக்கோல் குருஸ்பேயுடன் மஜீத் வெளியிட்ட ஆய்வு இதனை நுணுகி நோக்கியது. செமாக் பெரி, செமலாய் இருவரும் தீபகற்பத்து மழைக்காட்டினர், உறவுடைய மொழியினர். முன்னவர் வேட்டையாடி உணவு தேடுவோர். பின்னவர் நெல் பயிரிடுவோர். மணத்தைத் தடுமாறாது பெயரிட்டோர் வேட்டையாடுவோரே. ஒரே காட்டில் உழவர்க்கு அத்திறன் வாய்க்கவில்லை.

தமிழும் இவ்வகையில் வறிய மொழி அன்று. மீன், முட்டை, இறைச்சி மூன்றுக்கும் பொதுவான கவிச்சி, ஆட்டின் மொச்சை, அழுகிய ஊனின் முடை ஆகியன ஜஹாய்ச் சொற்களுக்கு நிகரானவை. திருக்குறள் ஐம்புலன்களுள் ஒன்றாக எண்ணும் நாற்றம், இன்று தீய வாடைக்கே உரியதாய்ச் சுருங்கிவிட்டது. கவிச்சியும் மொச்சையுமோ, பெரும்பாலும் மீன் கழுவும் பாட்டியரின் பேச்சில்தான் ஒலிக்கின்றன.