பொடி எழுத்து

டெனிஸ் லாவின் டூரின் ஆண்டு: அத்தியாயம் 4

சென்ற வாரம், டூரின் நகரத்து ரவுண்டானா ஒன்றில் தலைகுப்புறக் கவிழ்ந்து கிடந்த ஆல்ஃபா ரோமியோ காரோடு நிறுத்தியிருந்தோம். நாள், 1962 பிப்ரவரி 7. ஓட்டி வந்தவர் ஜோ பேக்கர். உடன் வந்தவர் டெனிஸ் லா. இருவரும் டூரினின் டோரினோ கிளப்புக்கு ஆடிய கால்பந்து வீரர்கள். இருவருக்கும் வயது 21.

பிரிட்டனில் நம்மூரைப் போலவே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும். இத்தாலியில் வலப்பக்கம். ரவுண்டானாவைச் சுற்றும் திசையும் அதனால் நேர்மாறு. பேக்கர் எதிர்த் திசையில் நுழைந்துவிட்டார். தப்பு தெரிந்ததும் வண்டியைத் திருப்பப் பார்த்தார். சக்கரம் நடைபாதையின் விளிம்புக்கல்லில் இடறியது. கார் புரண்டுவிட்டது.

லாவுக்குக் காயங்கள் உண்டு, உயிருக்கு ஆபத்தில்லை. பேக்கரின் நிலைமை வேறு. அவரை ஏறக்குறைய சாவின் வாசலிலிருந்துதான் மருத்துவர்கள் மீட்டார்கள். ஸ்காட்லாந்திலேயே வளர்ந்த பையன் அவர். லிவர்பூலில் பிறந்த ஒரே காரணத்தால் அன்றைய விதிப்படி இங்கிலாந்துச் சட்டை போட்டு ஆட வேண்டியிருந்தது. மொழி தெரியாத ஊரில் லாவுக்கு இருந்த ஒரே துணையும் அவர்தான். அந்தத் துணை இப்போது மருத்துவமனைக் கட்டிலில்.

விபத்து என்பது டோரினோ ரசிகர்களுக்கு லேசாகக் கேட்டுவிட்டுப் போகிற செய்தி அல்ல. 1949 மே 4 அன்று, லிஸ்பனிலிருந்து திரும்பிய விமானம் டூரின் நகரத்தை ஒட்டிய சுப்பெர்கா குன்றின் பேராலயச் சுவரில் மோதி 31 பேர் இறந்தார்கள். அதில் 18 பேர் டோரினோ வீரர்கள். இத்தாலிய தேசிய அணியின் முதுகெலும்பே அவர்கள்தான். ஓர் அணி முழுவதையும் ஒரே மாலையில் புதைத்த கிளப், 13 வருடம் கழித்து விலை கொடுத்து வாங்கி வந்த இரண்டு இளைஞர்களையும் ஒரு தெருமுனையில் இழக்கப் பார்த்தது. அந்த ஊர் அன்று எப்படிப் பதறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. டூரினில் கார் கவிழ்ந்ததற்கு முந்தின நாள்தான் மியூனிக் விமான விபத்தின் நான்காம் ஆண்டு. 1958 பிப்ரவரி 6 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணியை நொறுக்கிய விபத்து அது. அதில் செத்துப் பிழைத்த மேலாளர் மாட் பஸ்பி, அதே வருடம் அக்டோபரில் ஸ்காட்லாந்து அணிக்கும் பொறுப்பேற்றிருந்தபோது, 18 வயது டெனிஸ் லாவுக்கு முதல் சர்வதேசப் போட்டியைத் தந்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அவர் திரும்ப வருவார்.

இந்த விபத்தை வைத்து, 'திடீர்ப் பணம் கண்ட பையன்களின் ஆட்டம்' என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் இருவரையும் ஓட்டல் வாசலிலிருந்து துரத்தினார்கள் என்பது உண்மை. வெனிஸ் நகரத்தில் பேக்கர் பொறுமையிழந்து ஒரு புகைப்படக்காரர் மேல் பாய்ந்ததும் உண்மை. ஆனால் லாவின் துன்பம் தெருவில் இல்லை. அது முழுக்க முழுக்க மைதானத்துக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இருந்தது.

மைதானத்தை முதலில் பார்ப்போம். அன்றைய இத்தாலியில் ஒரு கோல் அடித்துவிட்டால் மொத்த அணியும் பின்வாங்கிக் காவல் காக்கும். தடுப்பாட்டக்காரர்களின் வரிசைக்குப் பின்னால், யாரையும் குறிவைக்காமல், தப்பி வருகிறவனை மட்டும் பிடிப்பதற்கென்றே இன்னொருவர் நிற்பார். முன்கள வீரர் ஒவ்வொருவரின் முதுகிலும் ஒருவர் ஒட்டிக்கொண்டிருப்பார். சட்டையைப் பிடித்து இழுப்பார், நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் கணுக்காலில் உதைப்பார். லாவின் ஆட்டமோ ஓட்டம். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்துக் கூட்டத்துக்குள் புகுந்து, காற்றில் எழும்பி அடிக்கிற ஆட்டம். மான்செஸ்டர் சிட்டிக்காக லூட்டன் அணிக்கு எதிராக ஆறு கோல் அடித்தவர் அவர். அந்தப் போட்டி பாதியில் கைவிடப்பட்டதால் ஆறும் கணக்கில் வராமல் போனதைச் சென்ற அத்தியாயங்களில் படித்தீர்கள். அப்படிப்பட்டவர் டூரினில் 27 லீக் போட்டிகளில் 10 கோல் அடித்தார். அந்தக் காவலை மீறிப் 10 கோல் என்பது சாதாரணமல்ல. ஆனால் ஆட்டத்தில் இருந்த ஆனந்தம் போய்விட்டது.

தனியாக அவர் மட்டும் தவிக்கவில்லை. ஏ.சி. மிலானுக்கு வந்த ஜிம்மி கிரீவ்ஸ் 1961 டிசம்பரிலேயே மூட்டை கட்டிவிட்டார். அவரை டாட்டன்ஹாம் 99,999 பவுண்டுக்கு வாங்கியது. '1,00,000 பவுண்டு ஆட்டக்காரன்' என்ற பாரம் பையன் தோளில் ஏறக் கூடாது என்று ஒரு பவுண்டைக் குறைத்தார்களாம். லாவுக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. 1,10,000 பவுண்டு என்று முகத்தில் எழுதி ஒட்டித்தான் இறக்கினார்கள்.

சரி, அலுவலகம். 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து வீரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று வீரர்கள் மிரட்டிய பிறகே அது ஒழிந்தது. இத்தாலியக் கிளப்புகள் கொடுத்த தொகையும், மலையடிவார சொகுசு ஓட்டலில் நடந்த பயிற்சி முகாமும் லாவுக்கு வேறு உலகம். அபர்டீனில் மீனவர் வீட்டில் ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, பன்னிரண்டு வயது வரை செருப்பில்லாமல் திரிந்தவர் அவர். அந்தப் பணத்துக்கு அவர் ஆசைப்பட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பணம் எவ்வளவு பெரிதோ, அதைத் தந்த காகிதம் அவ்வளவு இறுக்கமாகக் கட்டியது. அவர் இத்தாலியில் கால் வைத்ததுமே, 'எங்களிடம் முன்பே கையெழுத்துப் போட்டிருக்கிறார்' என்று இண்டர் மிலான் வழக்காடியது ஞாபகம் இருக்கிறதா? அதை அவர்கள் கைவிட்டார்கள். அடுத்து வந்த காகிதம் அவ்வளவு சுலபமாக விடவில்லை.

ஏப்ரலில் லா, 'என்னை வேறு கிளப்புக்கு விற்றுவிடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தார். டோரினோ பதிலே சொல்லவில்லை.

அந்த மாதத்தில் ஒரே ஒரு நல்ல நாள் வந்தது. 1962 ஏப்ரல் 14, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க். ஸ்காட்லாந்துக்கு எதிரே இங்கிலாந்து. 1,30,000-க்கும் மேற்பட்ட கூட்டம். 1937-க்குப் பிறகு அந்த மைதானத்தில் அதிகாரப்பூர்வப் போட்டி எதிலும் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து வென்றதே இல்லை. டேவி வில்சன் ஒன்று, பெனால்டியில் எரிக் கால்டோ ஒன்று என்று 2-0. கோல் பட்டியலில் லாவின் பெயர் இல்லை, அது அவருக்குப் பொருட்டும் இல்லை. ஜிம் பேக்ஸ்டர், பாட் கிரெராண்ட், இயன் செயின்ட் ஜான் என்று தன் மொழி பேசுகிறவர்கள் நடுவே, ஓட வேண்டிய இடத்தில் ஓடி ஆடினார். ஆட்டம் முடிந்து மறுபடியும் டூரினுக்குத் திரும்பினார்.

பதினோரு நாள் கழித்து, ஏப்ரல் 25. இத்தாலியக் கோப்பைப் போட்டி. எதிரே நாப்போலி.

டோரினோவின் பயிற்சியாளர் பெனியாமினோ சாண்டோஸ். அர்ஜென்டினாக்காரர். சுப்பெர்காவுக்குப் பிறகு இதே கிளப்பில் முன்கள வீரராக ஆடியவர். லாவுக்கு அவர் போட்டிருந்த உத்தரவுகளில் ஒன்று, த்ரோ-இன் எடுக்கக் கூடாது என்பது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் வேறு யாராவது எறியட்டும், நீ முன்னால் போய் நில். பயிற்சியாளரின் கோணத்தில் அதற்கு நியாயம் உண்டு. கோல் அடிக்க வாங்கிய ஆள் கோட்டோரம் நின்று எறிந்துகொண்டிருந்தால், எறியும் பந்தை வாங்கி அடிப்பது யார்?

ஆனால் ஆட்டச் சூட்டில் பந்து லாவுக்குப் பக்கத்திலேயே வெளியே போனது. அவர் குனிந்து எடுத்தார். தலைக்கு மேல் தூக்கினார். எறிந்துவிட்டார்.

அதன் பிறகு நடுவர் லாவை வெளியேற்றினார். அப்படி என்ன முரட்டுத்தனம் செய்துவிட்டோம் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் விஷயம் காதுக்கு வந்தது. த்ரோ-இன் எடுத்த கோபத்தில், தன் ஆட்டக்காரனை வெளியே அனுப்பச் சொல்லி நடுவரிடம் கேட்டுக்கொண்டவர் எதிரணிக்காரர் அல்ல, சொந்தப் பயிற்சியாளர் சாண்டோஸ்தான்!

கால்பந்து வரலாற்றில் எத்தனையோ சண்டைகளைப் படித்திருக்கிறேன். பயிற்சியாளர் வீரரை உட்கார வைப்பார், அபராதம் போடுவார், பத்திரிகையில் திட்டுவார். தன் அணி பத்துப் பேரோடு ஆடினாலும் பரவாயில்லை, இவனுக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்று நினைத்த கதை இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. லா அன்றே வெளிநடப்பு செய்தார்.

டோரினோவின் பதிலடி உடனே வந்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகருக்கு அணி கிளம்பவிருந்தது. அங்கேதான் மான்செஸ்டர் யுனைடெட்டோடு லாவின் விற்பனை பற்றிப் பேச்சுவார்த்தை நடப்பதாக ஏற்பாடு. ஆம், மாட் பஸ்பிதான். கையில் பணத்தோடு பஸ்பி ஒரு பக்கம், போகத் துடிக்கும் லா மறுபக்கம். 'நீ லொசான் வர வேண்டாம்' என்றது கிளப்.

அதற்கடுத்த சில நாட்களில் கூப்பிட்டு இன்னொரு செய்தி சொன்னார்கள். 'உன்னை விற்றாகிவிட்டது.'

எங்கே? இரண்டு தெரு தள்ளி! அதே டூரினில், ஃபியட் கார் கம்பெனியின் அன்யெல்லி குடும்பம் நடத்தும் யுவென்டஸ் கிளப்புக்கு. டோரினோ ரசிகன் பிறவிப் பகையாக நினைக்கிற அணி அது. இதே பருவத்தில் அந்த அணிக்கு எதிராக ஜோ பேக்கர் அடித்த ஒரே கோலில் டோரினோ ஜெயித்து, நகரமே கொண்டாடியிருந்தது. லாவுக்கு அந்தப் பகை பெரிதல்ல. இத்தாலியிலிருந்தே போக வேண்டும் என்பவனை, அதே ஊரில் இன்னொரு வாசலுக்குள் தள்ளுகிறார்களே என்பதுதான் அவர் ஆத்திரம்.

'நான் போக மாட்டேன்' என்றார்.

ஒப்பந்தத்தை எடுத்தார்கள். அதன் பொடி எழுத்தில், அவர் சம்மதம் இல்லாமலே அவரை யுவென்டஸுக்கு அனுப்ப வழி இருந்தது.

அன்று வீரர்களின் நிலைமை எங்குமே இப்படித்தான். இங்கிலாந்தில் ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரரைக்கூடக் கிளப் போகவிடாமல் வைத்துக்கொள்ளலாம். நியூகாசில் கிளப்பை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்தம் போட்ட வழக்கில், அது நியாயமற்ற கட்டுப்பாடு என்று நீதிமன்றம் சொன்னது 1963-ல். லா அந்த அலுவலகத்தில் நின்றபோது அவருக்குத் துணையாகச் சொல்ல ஒரு தீர்ப்புகூட இல்லை.

அவர் வாதாடவில்லை. விமானம் ஏறி அபர்டீன் போய்விட்டார்.

என்ன இழக்கப் போகிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டோரினோ விடுவிக்காவிட்டால் சம்பளம் கிடையாது. ஆட்டக்காரர் பதிவு அவர்கள் கையில் இருக்கும்வரை வேறு எந்தக் கிளப்புக்கும் ஆட முடியாது. 22 வயதில், உடம்பில் முழு வலுவோடு, வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பருவமா, இரண்டு பருவமா, யாருக்கும் தெரியாது.

மான்செஸ்டரில் பஸ்பிக்கும் நிலைமை நன்றாக இல்லை. யுனைடெட் அந்தப் பருவத்தை 15-வது இடத்தில் முடித்திருந்தது. மியூனிக்குக்குப் பிறகு அவர் கட்டி வந்த அணிக்குக் கோல் அடிக்கும் ஆள் அவசரமாக வேண்டும். டோரினோவுக்கோ அந்த அவசரம் இல்லை. ஒரே நகரத்தில் பணக்காரக் கிளப் ஒன்று காத்திருக்கிறது, ஒப்பந்தமும் தங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

பஸ்பி எவ்வளவு வரை ஏறுவார்? டோரினோ எவ்வளவு நாள் பிடிவாதம் பிடிக்கும்? இடையில் யுவென்டஸ் தன் உரிமையைக் கேட்டு வந்துவிட்டால்?

வாரங்கள் ஓடின. ஜூன் முடிந்து ஜூலை பிறந்தது. அபர்டீனில் லாவின் கையில் இன்னும் ஒரு கிளப்பும் இல்லை.

(தொடரும்)